கொலுசு என்றால் சங்கிலி

எந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் ஸ்டேஷன் நல்லது என்று நினைத்துக்கொள்வார்கள். நாகலாபுரம் பக்கமிருந்து கோவில்பட்டிக்கு வரும் வழியில், ஒரு சின்ன பஸ் ஸ்டாண்டும் வாரம் ஒருமுறை கூடும் ஆட்டுச் சந்தையும் உள்ள ஊர். அது போதும்.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்து பேசினார். பெண்பிள்ளைகள் பயப்படாமல் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், அதை உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார். நாங்கள் கைதட்டினோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். மைக்கில் சொல்வதெல்லாம் உண்மை என்று நம்புகிற வயது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெள்ளாட்டுக் குட்டிகளைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"வீடு மாதிரின்னா அங்கன எதுக்குட்டி கம்பி போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் தெருப் பெண்களுக்குப் போலீஸ் மேல் இருப்பது பயம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். பயம் என்பது கொஞ்சம் மரியாதை கலந்த விஷயம். எங்கள் பெண்களுக்கு அது கிடையாது. ஊருக்குள் ஜீப் வந்தால், சண்டை போட்ட ஆண்களும் குடித்த ஆண்களும் ஒன்றுமே செய்யாத ஆண்களும் ஓடைக்குள் இறங்கி ஓடிவிடுவார்கள். மிச்சம் இருப்பது பெண்கள். "ஆம்பளைகள எங்கட்டி ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டு, போலீஸ்காரர்கள் பானையைக் கவிழ்த்து, குதிரை தாண்டுவதுபோல் வாசலில் கிடந்த ஆட்டைத் தாண்டி உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். பெண்கள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜீப் போன பிறகு யாராவது ஒருத்தி ஏட்டு குனிந்ததை அப்படியே நடித்துக் காட்டுவாள். தெருவே சிரிக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து எதையாவது கவிழ்த்துவிட்டுப் போகும் கோயில் மாட்டைப் பற்றி எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் போலீசைப் பற்றியும் பேசுவார்கள்.

அம்மாவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. காக்கிச்சட்டைக்கு முன்னால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், தமிழில் மட்டும் பேச வேண்டும். எங்கள் வீட்டில் தெலுங்கு. ராஜாக்கள் காலத்திலேயே இந்தக் கரிசலுக்கு வந்துவிட்ட தெலுங்கு அது. ஆந்திராவில் போய்ப் பேசினால் அவர்களுக்கே புரியாது. பாதி தமிழ் கலந்து, அர்த்தங்கள் எல்லாம் இடம் மாறிப் போன மொழி. ஆனால் போலீசுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தெலுங்கு பேசுகிற கருத்த பெண் என்றால் அவர்கள் புத்தகத்தில் ஒரே அர்த்தம்தான். வெளியூரிலிருந்து கூட்டமாக வந்து பஸ்ஸில் நகை அறுக்கிறவள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆவணி மாதத்தில் அம்மா அந்தக் கட்டுப்பாட்டை மீறினாள். என்னால்தான் மீறினாள், என்னிடம் போனில் பேசும்போது.

அப்போது நான் கோவில்பட்டியில் இன்னும் இரண்டு பெண்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வில் தேறி, அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேரச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. வேலையில் சேரும் நாளில் நான் காலில் கொலுசு போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வெறுங்காலோடு நாற்காலியில் உட்காரக் கூடாதாம். நான் கல்லூரியில் கழற்றிப் போட்ட கொலுசு வீட்டில் கிடந்தது. ஒன்றில் திருகாணி தொலைந்து போயிருந்தது. அதைக் கோவில்பட்டியில் ஓர் ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்து, பாலிஷ் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டுப் போக அம்மா காலை பஸ்ஸில் கிளம்பினாள்.

அந்த பஸ்ஸில் ஒரு பெண்ணின் சங்கிலியைக் காணவில்லை.

அந்தப் பெண் சிவப்பான, வசதியான வீட்டுப் பெண். கத்தினாள். டிரைவர் நேராக பஸ்ஸைக் கொண்டுபோய் அந்த ஊர் ஸ்டேஷன் முன்னால் நிறுத்தினார். சந்தேகம் யார் மேல் என்று எஸ்.ஐ. கேட்டதற்கு அவள், "பக்கத்துல ஒரு கருத்த பொம்பள நின்னா" என்று சொன்னாள்.

எங்கள் பக்கத்து பஸ் ஒன்றில் நின்றுகொண்டு யாராவது இப்படி அடையாளம் சொன்னால் சிரிக்க வேண்டும். நாள் முழுக்க வெயிலில் பருத்தி எடுக்கிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களும் ஏறுகிற பஸ் அது. மேகம் போட்ட வானத்தைக் காட்டி அதில் கருத்த மேகம் எது என்று கேட்பதுபோல. ஆனால் எஸ்.ஐ. சிரிக்கவில்லை. அதை ஒரு துப்பு என்று எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் இருந்த கருத்த பெண்களை எல்லாம் இறக்கி, ஸ்டேஷன் காம்பவுண்டுச் சுவரோரம் வரிசையாக நிற்கச் சொன்னார். சிவப்பாக இருந்த இரண்டு பெண்கள் இறங்கப் போனபோது, "நீங்க உக்காருங்கம்மா" என்று சொன்னாராம். அம்மா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆண்களை இறக்கவே இல்லை. திருடினவள் பக்கத்து ஆணின் பையில் போட்டிருக்கலாம் என்று கூட அந்த மூளைகளுக்குத் தோன்றவில்லை.

நேரமாகிவிட்டதே என்று நான் அப்போது அம்மாவுக்குப் போன் செய்தேன். வரிசையில் நின்றபடியே எடுத்தாள். எங்கே இருக்கிறாய், ஏன் இத்தனை சத்தம் என்று கேட்டேன். சந்தை ஊர் ஸ்டேஷனில் பஸ்ஸை நிறுத்திப் பையைச் சோதிக்கிறார்கள், யாருடைய நகையோ போய்விட்டதாம் என்றாள். எனக்குக் கொலுசு ஞாபகம் வந்தது. கூட்டத்தில் அதுவும் தொலைந்துவிடப் போகிறது, பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். அதற்கு அம்மா எங்கள் பாஷையில் சொன்னாள்:

"கொலுசு சஞ்சிலோனே உந்தி. பயபடொத்து."

கொலுசு பையிலேயே இருக்கிறது, பயப்படாதே. அவ்வளவுதான்.

அடுத்த நிமிடம் போனில் வேறொரு பெண் குரல் கேட்டது. "சார், இந்தம்மா தெலுங்குக்காரி சார். சங்கிலி பைக்குள்ளதான் இருக்குன்னு போன்ல யார்ட்டயோ சொல்லுறா. பயப்படாதேன்னு வேற சொல்லுறா." பிறகு ஏதோ இழுபறி, பிறகு இணைப்பு அறுந்தது.

பேசியது ஒரு பெண் போலீஸ். ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். அவளுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும், அதுதான் கோளாறு. அவளுடைய தெலுங்கில் கொலுசு என்றால் கழுத்தில் போடும் சங்கிலி. எங்கள் தெலுங்கில் கொலுசு தமிழ்க் கொலுசுதான், காலில் போடுவது. நாங்கள் தமிழோடு பல தலைமுறை கிடந்து, அந்தச் சொல்லைக் கழுத்திலிருந்து காலுக்கு இறக்கிவிட்டோம். அவள் ஊரில் அது கழுத்திலேயே இருக்கிறது.

நான் அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மற்றப் பெண்களை எல்லாம் அனுப்பிவிட்டிருந்தார்கள். அம்மா மட்டும் ஸ்டேஷனுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நீளமான பெஞ்சு ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. அதன் ஒரு மூலையில் சங்கிலியைத் தொலைத்தவள் கூல்டிரிங்ஸ் குடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் பையைக் கவிழ்த்து மேஜைமேல் கொட்டியிருந்தார்கள். வெற்றிலை, ஒரு சீப்பு, எனக்காகக் கொண்டுவந்த கடம்பூர் போளிப் பொட்டலம், ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. போளிப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. அதற்குள் சங்கிலி தேடினார்களா, தின்று பார்த்தார்களா என்று தெரியவில்லை. எண்ணிக்கை குறைந்திருந்ததாக அம்மா பிறகு சொன்னாள்.

"எந்திரிம்மா, பெஞ்சில உக்காரு" என்றேன்.

வாசலருகே இருந்த ஏட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெஞ்சு புகார் கொடுக்க வருகிறவர்களுக்கு என்றார். பிறகு என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "ஆம்பள யாரும் வரலியா?"

அப்பா செம்மறிக் கிடையோடு ஆற்றுப்பாசன வயல்களுக்குப் போயிருந்தார். எங்கள் பக்கத்து ஆட்டுக்காரர்கள் அறுப்பு முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆடுகளைக் கிடை போட்டுவிட்டு, மாதக் கணக்கில் அங்கேயே தங்கிவிடுவார்கள். அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. நான் வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதை ஒரு பதிலாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா என்னிடம் சங்கிலியைப் பற்றிப் பேசவில்லை. கொலுசைப் பற்றியும் பேசவில்லை. மெதுவாக ஒன்றைத்தான் சொன்னாள். "போட்டோ எடுத்துட்டாவ."

வெளியே சுவரோர வெயிலிலேயே நிறுத்தி, தலையை மூடியிருந்த முந்தானையை விலக்கச் சொல்லி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று ஒரு இளைய போலீஸ்காரன் தன் செல்போனில் எடுத்திருக்கிறான். ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் தவிர அம்மா போட்டோவுக்கு நின்றதில்லை. என் கல்லூரி விழாவில் கூட ஓரமாக ஒதுங்கிக்கொண்டவள். எனக்கு அந்த நிமிடத்தில் புரிந்துவிட்டது. கொலுசைத் திருப்பி வாங்கிவிடலாம். வாங்க முடியாமல் போனாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. அந்த இரண்டு படங்களையும் அழிக்காமல் இங்கிருந்து போகக் கூடாது.

எஸ்.ஐ. அறைக்குள் போனேன். கொலுசு விஷயத்தை முதலில் விளக்கினேன். எங்கள் தெலுங்கு, அவர்கள் தெலுங்கு, கழுத்து, கால். அவர் ஒரு நகைச்சுவைக் காட்சியைப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். பெண் போலீசைக் கூப்பிட்டார். அவள் கொலுசை எடுத்துவந்து அவர் மேஜைமேல் போட்டுவிட்டு, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கழுத்துக்கு மேலே பவுடர் வெள்ளையும் கீழே எங்களைப் போலவே கறுப்பும் அவளுக்கு. கொலுசு என்றால் சங்கிலிதான், வேண்டுமானால் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னாள். மேஜைமேல் கொலுசு கிடந்தது. காலில் போடுகிற கொலுசு. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நானும் தெலுங்குதாம்மா" என்றாள், ஏதோ உறவுமுறை சொல்வதுபோல. அவளுக்கு என் அம்மாவின் பாஷை தெரிந்ததால் என் அம்மாவுக்கு நடந்த ஒரே விஷயம் அந்தச் சுவரோரத்திலிருந்து தரைக்கு வந்ததுதான்.

"சரி, கொலுசுன்னே வச்சுக்கிடுவோம்" என்றார் எஸ்.ஐ. "இதுக்கு பில் எங்க?"

என் பள்ளிப் படிப்பு, கல்லூரிப் படிப்பு, தேர்வுக்காகப் படித்த இந்திய அரசியலமைப்புச் சட்டம் எல்லாவற்றிலும் தன் சொந்தக் கொலுசுக்குப் பில் இல்லாமல் பஸ்ஸில் ஏறக் கூடாது என்று எங்கேயும் இருந்ததில்லை. பெஞ்சில் இருந்த பெண்ணின் கழுத்தில் இன்னொரு சங்கிலியும் கையில் வளையல்களும் இருந்தன. அவற்றுக்குப் பில் கேட்டீர்களா என்று கேட்டேன். "ஏய், என்ன, பேச்சு நீளுது" என்றார். "நீ என்ன செய்யுத?"

பணி உத்தரவு என் பையிலேயே இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதைப் படித்தார். படித்து முடித்ததும் முகம் மாறவில்லை. வினைமுற்றுதான் மாறியது. "எப்ப ஜாயின் பண்ணுறீங்க? உக்காருங்க. முதல்லயே சொல்லியிருக்கலாமே."

ஒரு 'ங்க'. அதற்குள் என்னென்ன இருந்தது என்று நான் பிறகு பல நாள் யோசித்தேன். ஒன்றுமில்லை. ஒரு காகிதம் இருந்தது. அதுகூட எனக்கு மட்டும்தான். கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்து, "ஏம்மா, நீ எந்திரிச்சு வா, உம் மக வந்துட்டா" என்று அம்மாவிடம் சொன்னபோது பழைய 'நீ'யே இருந்தது. மகள் கதவுக்கு இந்தப்பக்கம் 'நீங்க', தாய் அந்தப்பக்கம் 'நீ'. அம்மா உள்ளே வந்து, அங்கே நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

கொலுசை என் கையில் கொடுத்தார். போட்டோவை அழியுங்கள் என்றேன்.

அது வழக்கமாக எடுப்பதுதான், ஒன்றும் ஆகாது என்றார். அழியுங்கள் என்றேன். இளைய போலீஸ்காரன் கதவருகே நின்று, "அழிச்சாச்சு மேடம்" என்றான். எனக்குக் காட்டச் சொன்னேன். எஸ்.ஐ.யின் குரல் பழையபடி ஆனது.

"போலீசையே சந்தேகப்படுதியா?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.   நான் வெளியே வந்தேன். அன்று என் பிடிவாதத்தைவிட அவள் கை எனக்குப் பெரிதாக இருந்தது.

அன்று மாலையே அந்தச் சங்கிலி கிடைத்துவிட்டது என்பது பிறகு தெரிந்தது. கொக்கி கழன்று, அந்தப் பெண்ணின் சேலை மடிப்புக்குள்ளேயே சிக்கிக் கிடந்ததாம். ஸ்டேஷனுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஊரில் டீக்கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஏட்டு சொல்லிச் சிரித்ததைக் கேட்டு வந்து சொன்னார். ஆக, திருட்டே நடக்கவில்லை. திருட்டு நடக்காத வழக்கில் திருடியாக நின்றவள் என் அம்மா.

நான் வேலையில் சேர்ந்தேன். கொலுசு போட்டுக்கொண்டுதான் சேர்ந்தேன். ஐப்பசி பிறந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி சந்தையிலிருந்து வந்து அம்மாவிடம் பேசாமல், எனக்குப் போன் செய்தாள். சுற்றிவளைத்துப் பேசினாள். மழை வருது, ஆட்டு விலை பரவாயில்லை, பஸ் ஸ்டாண்டில் போலீஸ் ஒரு பிளக்ஸ் கட்டியிருக்கு. பிறகு சொன்னாள். "உங்கம்மா மாதிரி ஒரு ஆளு இருக்குட்டி அதில."

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிற இடத்தில், கழிப்பறைச் சுவருக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் கட்டியிருந்தார்கள். 'திருடர்கள் ஜாக்கிரதை' என்று மேலே. 'உங்கள் உடைமைக்கு நீங்களே பொறுப்பு' என்று கீழே. நாமே பொறுப்பு என்றால் இவர்கள் எதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று அதைப் படித்த யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஓரத்தில் தீபாவளி வாழ்த்து, ஒரு விளக்குப் படம். நடுவில் ஒன்பது பெண்கள். ஒன்பது பேரும் கறுப்பு. இரண்டாவது வரிசையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி அம்மா.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. இல்லை. அதே பெண் போலீஸ் இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததும் முதலில் சிரித்தாள். போனில் இருந்த படங்களை எல்லாம் மொத்தமாக பிளக்ஸ் கடைக்கு அனுப்பியதில் இதுவும் போய்விட்டது, கடைப் பையன் தப்பு என்றாள். அழித்ததாகச் சொன்ன படம் எப்படிப் போகும் என்று கேட்டேன். தீபாவளி முடிந்தால் கழற்றிவிடுவோம், நாலு நாள்தானே, ஏன் பெரிதாக்குகிறீர்கள் என்றாள். புகார் எழுதிக் கொடுத்தேன். ரசீது கேட்டேன். ரசீது கொடுக்கிறவர் இல்லை என்றாள். ஒரு காவல் நிலையத்தில் மனிதரை நிற்கவைத்துப் படம் எடுக்க ஆள் இருக்கிறது, அச்சடிக்க ஆள் இருக்கிறது, கம்பத்தில் ஏறிக் கட்ட ஆள் இருக்கிறது. ரசீது கொடுக்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் அந்த ஒரு முகத்தை மட்டும் மறைத்துவிடுவதாகச் சொன்னாள்.

அந்த வாரம் அம்மா சந்தைக்குப் போகவில்லை. இரண்டு கிடாய்களை விற்க வேண்டியிருந்தது. வேறொருத்தியிடம் கொடுத்தனுப்பினாள். அன்று சாயங்காலம் நான் ஊருக்குப் போனபோது, உனக்கு யார் சொன்னது என்று அம்மாவிடம் கேட்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்தச் சந்தையில் அவள் பேச்சுக்கு வியாபாரிகள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் ஆண்களுக்கு நடுவில் வாயைத் திறந்து விலை சொல்லும் ஒரே பெண் அவள். அந்த இடத்துக்கு இனி எந்த முகத்தோடு போவது என்பதுதான் அவள் கேள்வி. வழக்கு, கோர்ட்டு, மேலதிகாரிக்கு மனு என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். இதில் இருக்கிற வார்த்தை எல்லாம் எனக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பெருமையில் பேசிக்கொண்டே போனேன். அம்மா கேட்டாள், எங்கள் பாஷையில், நான் தமிழில் எழுதுகிறேன்: "அதுக்கெல்லாம் எத்தன நாளாகும்?" நாளாகும் என்றேன். "அதுவரைக்கும் நான் அங்கனயே தொங்கணுமா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவே கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

சொன்னபடி மறைத்துத்தான் இருந்தார்கள். அம்மாவின் முகத்தின் மேல் ஒரு வெள்ளைத்தாளைப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். எட்டுக் கறுப்பு முகங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் பார்த்தார்கள். காகிதம் பாதி உரிந்து, அம்மாவின் கொண்டையும் ஒரு காதும் தெரிந்தன. ஒரு பையன் நகத்தால் மிச்சத்தையும் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அவனை விரட்டினாள்.

பிறகு கொஞ்ச நேரம் நின்று மற்றவர்களைப் பார்த்தாள். ஒவ்வொருத்தியையும் பார்த்தாள். கடைசி வரிசையில் கைக்குழந்தையின் தலை பாதி தெரிய ஒரு சின்னப்பெண் இருந்தாள். "இவ எந்த பஸ்ல எறங்குனாளோ" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் பிளக்ஸின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள், சந்தையில் ஆட்டின் தோலைத் தடவிப் பார்ப்பதுபோல. கனமான பிளக்ஸ். நாலு மூலையிலும் நைலான் கயிறு. கீழ் முடிச்சு இரண்டையும் நின்றபடியே அவிழ்த்தாள். மேல் முடிச்சுக்குச் சிமெண்டுப் பெஞ்சின் மேல் ஏறினாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். 

எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கூட்டுக்கு பிளக்ஸைத்தான் கூரையாகப் போடுவார்கள். தேர்தல் முடிந்தால் தலைவர்கள் எல்லாம் ஆட்டுக்கு மேலேதான் இருப்பார்கள். கல்யாண பிளக்ஸ், காதுகுத்து பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ், எதுவும் வீணாகாது. ஐப்பசி அடைமழைக்குக் குட்டிக்கூடு ஒழுகுகிறது என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு நிழலில் உட்கார்ந்திருந்த ஊர்க்காவல் படைக்காரர் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். "எம்மா, அத எங்க கொண்டு போற? அது போலீசு பிளக்ஸு."

அம்மா நாலாவது முடிச்சை அவிழ்த்து முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"மழை வருது. குட்டிக நனையுது" என்றாள். தமிழில்தான் சொன்னாள், கேட்டதற்கு மட்டும்.

அவர் என்னைப் பார்த்தார். பிளக்ஸைப் பார்த்தார். உரிந்த தாளுக்குக் கீழே தெரிந்த முகத்தையும், பெஞ்சிலிருந்து இறங்குகிற முகத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. ஸ்டேஷன் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு நிழலுக்கே போய் உட்கார்ந்துகொண்டு செல்போனை எடுத்தார். யாருக்காவது போன் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். வீடியோ பார்க்க ஆரம்பித்தார்.

அம்மா பிளக்ஸை முகங்கள் உள்ளே இருக்கும்படி மடித்தாள். கொய்யாப்பழக்காரியிடம் ஒரு சாக்கு வாங்கி அதில் திணித்தாள். பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி, கரிசலில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிற இடம் வந்த பிறகுதான் பேசினாள். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இப்பத்தான் அந்தப் போட்டோ நெசமாச்சு."

அவர்கள் தேடி வருவார்கள் என்று நான் சில நாள் காத்திருந்தேன். அரசுச் சொத்துக்குச் சேதம் என்று ஒரு வழக்குப் போடலாம். போட்டால் அதில் என்ன இருந்தது என்று எழுத வேண்டும். எழுதத் துணிவில்லையா, பிளக்ஸ் போனதே தெரியவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருடர்கள் ஜாக்கிரதை என்று தாங்கள் கட்டிய பிளக்ஸையே காவல் காக்கத் தெரியாதவர்கள், அது போனதையே கவனித்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த சந்தைக்கு அம்மா போனாள். ஒரு வியாபாரி அவளைப் பார்த்து, "என்னத்தா, உன் போட்டோவக் காணோம்?" என்று கேட்டிருக்கிறான். உன்னைப் போட இடம் வேணும்னு கழட்டிட்டாவ என்றாளாம். சுற்றி நின்றவர்கள் சிரித்ததில், அவள் தன் கிடாய்க்குச் சொன்ன விலைக்கே அவன் ஒத்துக்கொண்டான்.

பிளக்ஸ் குட்டிக்கூட்டின் மேல் இருக்கிறது. அச்சடித்த பக்கத்தை உள்பக்கமாகப் போட்டுக் கட்டியிருக்கிறாள். வெயில் பட்டால் சாயம் போய்விடும் என்று காரணம் சொன்னாள். வெள்ளைத்தாளை அவளே நனைத்து உரித்துவிட்டாள். குனிந்து உள்ளே போனால் ஒன்பது பேரும் மேலேயிருந்து பார்க்கிறார்கள். மழை பெய்தபோது ஒரு சொட்டு ஒழுகவில்லை.